அம்மா வீட்டுக்கு என்ன விலை சொல்வது? மதுரை ஐயர் பங்களா, 4 சென்ட்

வேப்பமரவீடு:
எல்லோருக்கும் வணக்கம். ஐயர் பங்களாவில் மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. 4 சென்ட், தெற்குப் பார்த்த வாசல், தெரு 20 அடி. அப்பா 1994-இல் மனை வாங்கிப் போட்டு, 1999-இல் கட்டினார். கீழே மட்டும் 1,150 சதுர அடி, மாடி கிடையாது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 71 வயது, இனி தனியாக இருக்க முடியாது. கோயம்புத்தூரில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டிலேயே ஒரு சின்ன ஃபிளாட் 45 லட்சத்துக்கு வருகிறது, அதை வாங்கி அம்மாவை அங்கே வைத்துக்கொண்டு இந்த வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பிரச்சினை விலைதான். ஒரு புரோக்கர் "95 லட்சம் தைரியமாகச் சொல்லுங்கள் அக்கா, நத்தம் ரோடு பாலம் வந்த பிறகு ரேட்டே வேற" என்கிறார். இன்னொருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு 68 என்றார். துபாயில் இருக்கும் தம்பி ஒரு கோடிக்குக் குறையவே கூடாது என்கிறான், அதே ஏரியாவில் ஒரு வீடு இணையத்தில் 1.05 கோடி என்று போட்டிருப்பதை எனக்கு அனுப்பி வைத்தான். அம்மா விலையே பேச மாட்டேன் என்கிறார், அப்பா காரைக்குடிக்குப் போய் வாங்கி வந்த தேக்கு நிலைக்கதவுக்கு எவ்வளவு போடுவாய் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குறைத்துச் சொன்னால் அப்பா உழைப்பை வீணாக்கியவள் ஆவேன், கூட்டிச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

உறையூர்க்காரன்:
என் கதையைச் சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் திருச்சியில் எங்கள் பூர்வீக வீட்டை விற்க நினைத்தபோது விவரம் தெரிந்தவர் 62 என்றார். நான் 80 சொன்னேன், பேசி 70-க்கு முடிப்போம் என்ற எண்ணம். முதல் மாதம் பதினொரு குடும்பங்கள் வந்து பார்த்தன. ஒருவர்கூடத் திரும்பப் போன் செய்யவில்லை. 75 ஆக்கினேன், மூன்று மாதம் கழித்து 70, அப்புறம் 65. இரண்டாவது தடவை குறைத்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "ஏன் சார் இவ்வளவு நாளாகப் போகவில்லை, ஏதாவது வில்லங்கமா?" வில்லங்கம் எதுவும் இல்லை, விலைதான். 14 மாதம் கழித்து 57-க்குக் கொடுத்தேன். அதே தெருவில் எனக்குப் பின்னால் விற்க வந்தவர் 64 சொல்லி ஆறு வாரத்தில் 61-க்கு முடித்துவிட்டார்.

முதல் மாதம் வந்தவர்கள்தான் கையில் பணத்தோடு பல நாளாக வீடு தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை 80 என்று சொல்லித் துரத்திவிட்டேன். அவர்கள் வேறு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை.

பொறுமை_கடல்:
உறையூர்க்காரன் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். நம் ஊரில் பேரம் பேசாமல் யார் வீடு வாங்குகிறார்கள்? 76 சொன்னால் 68-க்குக் கேட்பார்கள், 95 சொன்னால் 85-க்குக் கேட்பார்கள். சொன்ன விலையிலிருந்து இறங்கலாம், ஏற முடியாது. அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள், மனை விலை அவ்வளவு சீக்கிரம் குறையாது.

பத்திரஎழுத்து:
தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவன். இந்த 95, 68, ஒரு கோடி மூன்றையும் ஓரமாக வையுங்கள், மூன்றுமே யாரோ வாயால் சொன்ன விலை. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கடந்த ஒரு வருடத்தில் பணம் கைமாறிப் பதிவான வீடு எது, மனை எது என்று பாருங்கள். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பக்கத்து மனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம், எந்தத் தேதியில் எவ்வளவுக்குக் கிரயம் ஆனது என்று வரும். ஆனால் அந்தத் தொகையை அப்படியே நம்ப வேண்டாம், பலர் அரசு குறித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் பத்திரத்தில் காட்டுகிறார்கள். யார் வாங்கினார் என்று தெரிந்த பிறகு நேரில் போய்க் கேளுங்கள். வீடு வாங்கி ஆறு மாதம் ஆனவர் பெரும்பாலும் உண்மை விலையைச் சொல்லிவிடுவார், அவருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

வழிகாட்டி மதிப்பை வைத்து விலை சொல்லாதீர்கள். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றினார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். இதில் எந்தத் தேதியிலும் உங்கள் தெருவில் வாங்குகிறவர் மனதில் இருந்த விலை மாறவில்லை. அது முத்திரைத் தீர்வைக்கான அளவுகோல், அவ்வளவுதான்.

இன்னொன்று. அப்பா பெயரில்தான் இன்னும் பட்டா இருக்கிறதா? வாரிசுச் சான்று வாங்கிவிட்டீர்களா? உங்கள் பத்திரத்தில் 4 சென்ட், பட்டாவில் எவ்வளவு? இதையெல்லாம் சரி செய்யாமல் விலை சொன்னால், வாங்க வருகிறவர் ஒவ்வொரு குறைக்கும் ஒரு லட்சம் இரண்டு லட்சம் என்று கழித்துக்கொண்டே போவார். மூன்று மாத வேலைதான், முதலில் அதை முடியுங்கள்.

சிவில்_நெல்லை:
கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வங்கிக்கு மதிப்பீடு செய்யும்போது பொதுவாக இந்த மாதிரி கான்கிரீட் வீட்டுக்கு 60 வருடம் ஆயுள், கடைசியில் பத்து சதவீதம் மிச்சம் என்று எடுத்துக்கொள்வோம், அதாவது வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம். உங்கள் வீட்டுக்கு 26 வருடம், 39 சதவீதம் போய்விட்டது. இன்று அதே தரத்தில் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 1,150 சதுர அடிக்கு 23 லட்சம், அதில் 61 சதவீதம், சுமார் 14 லட்சம். குடியிருக்க வருகிற குடும்பத்துக்குத்தான் இந்த 14 லட்சம். இடித்துவிட்டு மூன்று மாடி கட்ட வருகிறவருக்கு உங்கள் கட்டடம் செலவு, அவர் மனை விலை மட்டுமே சொல்வார். 68 சொன்ன புரோக்கர் மனதில் இருந்தது அந்த மாதிரி ஆளாக இருக்கலாம், 95 சொன்னவர் மனதில் இருந்தது யார் என்று எனக்குப் புரியவில்லை.

தேக்குக் கதவு பற்றிக் கேட்டீர்கள். மதிப்பீட்டுத் தாளில் அதற்குத் தனியாக வரி கிடையாது. அம்மாவுக்கு அது முக்கியம் என்றால் விலையில் சேர்க்காதீர்கள், கழற்றிக் கொண்டுபோங்கள், அந்த இடத்தில் வேறு கதவு போட்டுக் கொடுங்கள். நான் பார்த்த இரண்டு வீடுகளில் அப்படிச் செய்தார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்குகிறவர் யாரும் மறுக்க மாட்டார்.

சுவரைத் தட்டிப் பார்த்தார் என்றீர்களே, சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறியிருக்கிறதா? வெள்ளையடித்து மறைக்காதீர்கள், இருபதாயிரம் முப்பதாயிரம் செலவழித்துச் சரி செய்யுங்கள். ஓதத்தைப் பார்த்தவர் மனதுக்குள் கழிப்பது இரண்டு மூன்று லட்சம்.

வீடுதேடி_இரண்டுவருடம்:
நான் வாங்குகிற பக்கத்தில் நிற்கிறேன், மதுரையிலேயே தேடுகிறேன், அதனால் எங்கள் கணக்கைச் சொல்கிறேன், விற்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நீங்கள் 80 சொல்கிறீர்கள் என்று வையுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் வந்து 72 என்று எழுதுவார். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தர மாட்டார்கள், அதாவது 57.6 லட்சம். மீதி 22.4 லட்சம் என் கைப்பணம். அதற்கு மேல் பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், 80-க்கு 7.2 லட்சம், அதற்கு வங்கி கடன் தராது. ஆக 29.6 லட்சம் ரொக்கமாக நான் வைத்திருக்க வேண்டும், புரோக்கர் கமிஷன் தனி. நீங்கள் விலையை ஐந்து லட்சம் கூட்டினால் வங்கி மதிப்பு கூடாது, அந்த ஐந்தும் என் கைப்பணத்திலிருந்துதான் வர வேண்டும். என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் 85-இல் நின்றுவிடுவோம், வீடு பிடித்தாலும் போன் செய்ய மாட்டோம். பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நத்தம் சாலை மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறந்தார்கள், கலைஞர் நூலகம் அதே வருடம் ஜூலையில். அதன் பிறகு விற்ற வீடுகளின் விலையில் பாலமும் நூலகமும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. அந்த விலையை எடுத்துக்கொண்டு, பாலத்துக்காக இன்னொரு பத்து லட்சம் என்று ஏற்றினால் ஒரே பாலத்துக்கு இரண்டு தடவை காசு கேட்கிறீர்கள்.

பொறுமை_கடல்:
சம்பளக்காரர்கள் மட்டும்தான் வாங்குகிறார்களா? வெளிநாட்டுப் பணம் வரும், வியாபாரிகள் வருவார்கள்.

வீடுதேடி_இரண்டுவருடம்:
வருவார்கள் அண்ணே, ஆனால் 20 அடித் தெருவில் தெற்கு வாசல் வீட்டுக்கு வர மாட்டார்கள். மொத்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு வடக்குப் பார்த்த கார்னர் மனையே கிடைக்கும்போது இதை ஏன் எடுக்கப் போகிறார்?

உறையூர்க்காரன்:
காத்திருப்பதற்கும் செலவு உண்டு, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். 75 லட்சம் வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால் வருடத்துக்கு 5.25 லட்சம். பூட்டிய வீட்டுக்குச் சொத்து வரி, குடிநீர் வரி, கரையான், தோட்டம் சுத்தம் செய்ய ஆள். ஒரு வருடம் காத்திருந்து ஐந்து லட்சம் கூடுதலாக வாங்கினால் நீங்கள் ஜெயிக்கவில்லை, சமமாகத்தான் வந்திருக்கிறீர்கள்.

வேப்பமரவீடு:
ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பத்திரஎழுத்து அண்ணன் சொன்னபடி செய்தேன், நேரில் போய்க் கேட்டது பெரிய உதவி. மூன்று விற்பனை கிடைத்தது. எங்கள் லேஅவுட்டிலேயே 30 அடித் தெருவில் வடக்குப் பார்த்த காலி மனை, 5 சென்ட், எட்டு மாதம் முன்பு சென்ட் 16.5 லட்சத்துக்குப் போயிருக்கிறது. பின் தெருவில் மூன்றரை சென்டில் ஒரு பழைய வீடு, எல்லாம் சேர்த்து 58, வாங்கியவர் இடித்துவிட்டார். மூன்றாவது, நாலேகால் சென்ட், 2011-இல் கட்டிய மாடி வீடு, 98 லட்சம். தம்பி அனுப்பிய 1.05 கோடி வீட்டையும் வெளியிலிருந்து பார்த்தேன், அதற்கும் மாடி இருக்கிறது, இரண்டு வாடகை வருகிறது, அதுவும் போன வருடத்திலிருந்து விற்காமல்தான் கிடக்கிறதாம்.

பட்டா மாற்றம் முடிந்துவிட்டது. அளந்ததில் 4 சென்ட் சரியாக இருக்கிறது, மனசு கொஞ்சம் இலேசானது.

சிவில்_நெல்லை:
அருமை, இப்போது கணக்குப் போடலாம். 30 அடி வடக்கு மனை 16.5 என்றால் 20 அடி தெற்குக்கு ஒரு லட்சம் கழித்து 15.5 என்று வையுங்கள். நான்கு சென்டுக்கு 62. கட்டடம் 14. மொத்தம் 76. இடிக்கிறவர் கணக்கில் 62-இலிருந்து 66 வரை, குடியிருக்கிறவர் கணக்கில் 74-இலிருந்து 78 வரை. 98-க்குப் போன மாடி வீட்டோடு ஒப்பிட்டாலும் இது பொருந்துகிறது, அதில் கட்டடம் உங்களைவிட இரண்டு மடங்காவது இருக்கும், பன்னிரண்டு வருடம் புதியது.

பத்திரஎழுத்து:
82 சொல்லுங்கள். 76-க்குக் கீழே இறங்காதீர்கள், ஆனால் அந்த 76 உங்கள் மூன்று பேர் மனதுக்குள் மட்டும் இருக்கட்டும், புரோக்கரிடம்கூடச் சொல்ல வேண்டாம். புரோக்கரிடம் சொன்ன கடைசி விலைதான் மறுநாள் முதல் விலையாகத் திரும்பி வரும். ஆடியில் ஆரம்பிக்காதீர்கள், வருகிறவர் கால்வாசிகூட இருக்க மாட்டார்கள், அந்த மந்தத்தைப் பார்த்துப் பயந்து விலையைக் குறைத்துவிடுவீர்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் போர்டு போடுங்கள்.

ஆடிட்டர்_ஆபீஸ்:
நடுவில் வருகிறேன். சொல்லும் விலையைவிடக் கைக்கு எவ்வளவு வரும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். 2001-க்கு முன் வாங்கிய சொத்து, அதனால் 1-4-2001 அன்றைய நியாய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகக் கூடாது. உதாரணத்துக்கு அது 8 லட்சம், விற்பது 78 என்று வையுங்கள். 2025-26-இல் விற்றால் பணவீக்கக் குறியீடு 376, அடக்க விலையை அந்தக் குறியீட்டின்படி ஏற்றிக்கொள்ளும் பழைய முறையில் அடக்கம் 30.08 லட்சம் ஆகும், லாபம் 47.92, அதற்கு 20 சதவீதம் 9.58 லட்சம். குறியீடு இல்லாத புதிய முறையில் லாபம் 70, அதற்கு 12.5 சதவீதம் 8.75 லட்சம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு உண்டு. தம்பிக்குக் கிடையாது, அவருக்கு 12.5 மட்டும்தான். இதற்கு மேல் 4 சதவீத செஸ்.

அம்மா பங்கு மூன்றில் ஒன்று, 26 லட்சம். அவர் ஃபிளாட் வாங்குவதால் அவர் லாபத்துக்கு வரி வராது. ஆனால் உங்கள் பங்குப் பணமும் அந்த ஃபிளாட்டுக்குத்தான் போகிறது என்றால் பத்திரத்தில் உங்கள் பெயரையும் சேருங்கள், இல்லையென்றால் உங்கள் பங்குக்கு விலக்குக் கேட்கும்போது சிக்கல் வரும். தம்பி வெளிநாட்டில் வசிப்பதால் வாங்குகிறவர் அவர் பங்கில் 1 சதவீதம் பிடித்தால் போதாது, மூலதன ஆதாய விகிதப்படி பிடிக்க வேண்டும். பல பேர் இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டு ஓடிவிடுகிறார்கள், முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தெப்பக்குளம்74:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். 78-க்கு விற்று 55-க்குப் பத்திரம் போட்டால் வரியும் குறையும், வாங்குகிறவருக்கும் பத்திரச் செலவு மிச்சம், விலையும் கூடக் கேட்கலாம். ஊரே செய்வதுதானே.

ஆடிட்டர்_ஆபீஸ்:
ஊர் செய்கிறது என்பதால் அந்த 71 வயது அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், 23 லட்சத்துக்கு 23 லட்சம். தவிர, கடன் போட்டு வாங்குகிற சம்பளக்காரர் 78-க்கும் பத்திரம் கேட்பார், அவருக்கு வங்கி பத்திரத்தைப் பார்த்துத்தான் பணம் தரும். கறுப்பில் வாங்குபவருக்காகக் காத்திருந்தால் உங்களுக்குச் சரியான ஆளையே இழந்துவிடுவீர்கள். ஃபிளாட் வாங்கும்போது அந்த 23 லட்சத்தை எந்தக் கணக்கிலிருந்து காட்டுவீர்கள் என்றும் யோசியுங்கள்.

வேப்பமரவீடு:
முழு வெள்ளையில்தான் விற்பது என்று நாங்கள் மூன்று பேரும் பேசிவிட்டோம். அப்பா அப்படித்தான் இந்த மனையை வாங்கினார்.

தம்பிக்கு வீடுதேடி அவர்கள் எழுதிய 29.6 லட்சக் கணக்கை அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் "அக்கா, நான் இங்கே ஃபிளாட் பார்த்தபோது நானும் இப்படித்தான் பின்வாங்கினேன்" என்று எழுதினான். 82-க்குச் சம்மதித்துவிட்டான்.

வேப்பமரவீடு:
மீண்டும் நான்தான். ஆவணியில் 82 என்று போர்டு போட்டோம், ஓதம் சரி செய்து, பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் ஒரு கோப்பில் வைத்து வருகிற எல்லோரிடமும் காட்டினோம். முதல் மூன்று வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். இடிக்கப் போகிறவர் ஒருவர் 65 கேட்டார், நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி 74-இல் ஆரம்பித்தார்கள், இன்னொரு குடும்பம் 76. ஒருவரை வைத்து இன்னொருவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, இரண்டு பேரிடமும் இன்னொருவர் இருக்கிறார் என்பதை மட்டும் சொன்னேன். ஆசிரியர் தம்பதி 77.5 லட்சத்துக்கு வந்தார்கள். வங்கி மதிப்பீடு 73 வந்தது, அவர்கள் முன்பே அதற்குத் தயாராக இருந்தார்கள். தம்பி துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பினான். மார்கழி பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு பதிவு முடிந்தது.

பொறுமை_கடல்:
நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம் சகோதரி. நான் இன்னும் 80 கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சீக்கிரம் முடிந்ததே அதைவிடப் பெரிது என்பது புரிகிறது.

சிவில்_நெல்லை:
கதவு என்ன ஆனது?

வேப்பமரவீடு:
கழற்றவில்லை அண்ணா. நீங்கள் சொன்னதை வைத்து அவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தேன், அவர்களும் சரி என்றார்கள், ஆசாரியையும் வரச் சொல்லிவிட்டேன். பதிவுக்கு முந்தின வாரம் அந்த டீச்சர் தன் மாமியாரைக் கூட்டி வந்தார். அந்த அம்மா வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்து, "யார் செய்தது, இப்படி ஒரு வேலைப்பாடு" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார்கள். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு, ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் அம்மா.